திருவெண்ணெய்நல்லூர் ஆவணமும் சிவஞானபோதமும்

ஒருவர் பிறந்த ஊர் இன்னதென்று கூறுதல் எளிது. ஒரு நெறி பிறந்த ஊர் இன்னதென்று கூறுதல் அத்துணை எளிதன்று. அதிலும், சைவ சித்தாந்தச் சந்தானம் பிறந்த ஊர் திருவெண்ணெய்நல்லூர் என்னுமிடத்துச் சித்தாந்தம் பயின்றார்க்கே ஓர் ஐயம் நிகழும். பதி, பசு, பாசம் என்னும் முப்பொருளும் அநாதி. அவற்றின் இயல்பை உணர்த்தும் வேத சிவாகமங்கள் இறைவன் அருளியன. அங்ஙனமாக, அந்நெறிக்கு ஒரு நாளும் ஓர் ஊரும் கற்பித்தல் யாங்ஙனம் பொருந்தும் என்பதே அவ்வையம்.

இதற்கு விடை சித்தாந்தத்தினுள்ளேயே உளது. இல்லது தோன்றாது, உள்ளது அழியாது என்பது சற்காரியவாதம். குடம் தோன்றிற்று என்புழி, மண்ணின்கண் சூக்குமமாய் அடங்கி நின்றது குயவன் செயலால் தூலமாய் விளங்கிற்று என்பதே பொருளாம். அவ்வாறே ஒரு நெறி ஓர் ஊரிற் பிறந்தது என்றால், முன்னரே உள்ளதாய் மறைந்து நின்ற உண்மை அவ்வூரில் ஒருவர் வாயிலாக வெளிப்பட்டது என்று கொள்க. பேழையுள் நெடுங்காலம் கிடந்த ஆவணம் ஒன்று அவைக்கண் எடுத்து வாசிக்கப்பட்ட நாளில், அவ்வுரிமை பிறந்தது என்று உலகத்தார் கூறுவர். உண்மையில் உரிமை பண்டே உள்ளது; வாசிப்பே புதிது.

ஆவணம் என்னும் இவ்வுவமை ஈண்டு வலிந்து கொணர்ந்ததன்று. அஃது அவ்வூர்க்கே உரியது. திருவெண்ணெய்நல்லூரில் இருமுறை அருள் வெளிப்பட்டது. முதன்முறை ஓர் ஓலை வாசிக்கப்பட்டது. இரண்டாம் முறை ஒரு நூல் செய்யப்பட்டது. அவ்வோலையின் பொருளும் அந்நூலின் பொருளும் வேறல்ல என்பதனை ஆராய்வதே இக்கட்டுரையின் கருத்து.

ஊரும் திருக்கோயிலும்

திருவெண்ணெய்நல்லூர் நடுநாட்டுத் தேவாரத் தலங்கள் இருபத்திரண்டனுள் ஒன்று. தென்பெண்ணையாற்றின் தென்பால் உள்ளது. 1993 ஆம் ஆண்டு வரை தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்து, அம்மாவட்டம் பிரிக்கப்பட்டபின் விழுப்புரம் மாவட்டத்தைச் சார்ந்தது. பெருநகரமன்று, வயல்சூழ்ந்த சிற்றூராய் இருந்து பேரூராட்சியாக வளர்ந்தது. உமையம்மையார் வெண்ணெயினாற் கோட்டை அமைத்து அதனுள் தவமியற்றினமையின் இப்பெயர் எய்தியது என்பது தலபுராணச் செய்தி.

இங்குள்ள திருக்கோயிலுக்கு அருட்டுறை என்பது பெயர். துறை என்பது நீருண்பார் இறங்கும் இடம். ஆற்றில் நீர் எங்கும் உளதாயினும் துறையிலன்றி இறங்குதல் அரிது. அதுபோல அருள் எங்கும் நிறைந்துளதாயினும் உயிர்கள் அதனுள் இறங்குதற்கு ஓரிடம் வேண்டும் என்னும் கருத்து இப்பெயரில் அமைந்துளது. இறைவன் திருநாமம் கிருபாபுரீசுவரர். தடுத்தாட்கொண்டநாதர் எனவும் வழங்கப்பெறுவர். அம்மை மங்களாம்பிகை. இத்தலத்திற்கு இப்பொழுது கிடைத்துள்ள தேவாரம் சுந்தரமூர்த்தி சுவாமிகள் இந்தளப் பண்ணில் அருளிய பதிகம் ஒன்றே. அப்பதிகமே ஏழாந் திருமுறையின் முதற்பதிகமாக வைக்கப்பெற்றது.

அவைக்கண் வந்த ஆவணம்

சுந்தரர் வரலாறு சைவர் யாவரும் அறிந்தது. ஆயினும் அதனை வழக்கு என்னும் முறையில் ஊன்றி நோக்குவார் சிலரே. சேக்கிழார் சுவாமிகள் தடுத்தாட்கொண்ட புராணத்தில் அவ்வழக்கின் ஒவ்வொரு படியையும் அறங்கூறு அவையத்தின் முறை வழுவாது அமைத்துள்ளார்.

திருநாவலூரில் ஆதிசைவர் குலத்திற் பிறந்து, நரசிங்கமுனையரையரால் மகன்மை முறையில் வளர்க்கப்பெற்ற நம்பியாரூரருக்குப் புத்தூரில் சடங்கவி சிவாசாரியார் மகளோடு திருமணம் நிகழவிருந்தது. அப்பொழுது முதிய அந்தணர் ஒருவர் பந்தருட் புகுந்து, மணமகன் தமக்கு அடிமை என்றும், அதற்கு அவன் பாட்டன் எழுதிக்கொடுத்த ஆளோலை உண்டென்றும் கூறினார். அந்தணர்க்கு அந்தணர் அடிமையாதல் எங்கும் இல்லாத வழக்கு. இதனைக் கூறும் நீர் பித்தரோ என்று நம்பியாரூரர் நகைத்தார். முதியவர் ஓலையைக் காட்ட, அவர் தொடர்ந்து ஓடிப் பற்றிக் கிழித்தெறிந்தார். முதியவர், கிழிபட்டது படியோலையே, மூலவோலை திருவெண்ணெய்நல்லூரில் உள்ளது என்றார். வழக்கு அவ்வூர் அவைக்குச் சென்றது.

ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்னும் மூன்றனுள் ஒன்றால் உரிமையை நாட்டுக என்று அவையோர் பணித்தனர். ஆட்சி என்பது வழிவழி வந்த அநுபவம். ஆவணம் என்பது எழுத்து. அயலார் காட்சி என்பது கண்டறிந்தார் சான்று. முதியவர் மூலவோலையை அவைமுன் வைத்தார். கரணத்தான் அதனை வாசித்தான். தானும் தன் மரபினரும் வழித்தொண்டு செய்தற்கு இசைந்து பாட்டனார் எழுதிக்கொடுத்தமை அதிற் கண்டது. அவையோர் அத்துணையளவில் அமையாது, பாட்டனார் எழுதிய பிறிதோர் ஓலையைக் காப்பினின்றும் வருவித்து எழுத்தோடு எழுத்தை ஒத்துப் பார்த்தனர். இரண்டும் ஒத்தன. நம்பியாரூரர் தோற்றார். இவ்வூரில் உமது மனை யாது என அவையோர் வினவ, முதியவர் யாவரையும் அழைத்துக்கொண்டு அருட்டுறையுட் புகுந்து மறைந்தார்.

ஈண்டு மூன்று செய்திகள் ஊன்றி அறியத்தக்கன.

முதலாவது, கிழிக்கப்பட்டது படியோலை என்பது. உயிர் தன் அடிமைத்திறத்தை மறுக்குமிடத்து, தன் கைக்கு எட்டிய சொல்லையே மறுக்கின்றது. சொல் மறுக்கப்படினும் பொருள் மறுக்கப்படுவதன்று. மூலம் மறுப்பவனது கைக்கு எட்டாத இடத்திற் சேமமாய் உள்ளது.

இரண்டாவது, ஓலை எழுதியவர் பாட்டனார் என்பது. நம்பியாரூரர் தாம் எழுதிக் கொடுத்திலர். எழுதிக் கொடுத்தமையை அறிந்தும் இலர். தாம் பிறவாமுன்னரே தாம் ஒருவர்க்கு உடைமையாயினர். இஃது உயிர் இறைவனுக்கு அநாதியே அடிமை என்னும் சித்தாந்தத்தின் கதைவடிவம். பின்னர் அவர் அருளிய பதிகத்தின் பாட்டுத்தோறும் வரும் ஈற்றடி, முன்னமே ஆளாயினான் ஒருவன் இனி ஆளல்லேன் என்று கூறுதல் தகுமோ என்னும் கருத்தையே உடையது. இன்று ஆளாயினேன் என்று அவர் கூறாமை காண்க. உரிமை புதிதாய்த் தோன்றியதன்று. அறிவே புதிதாய் விளங்கியது.

மூன்றாவது, இறைவன் தன் உரிமையை வலிமையால் நாட்டாது வழக்கால் நாட்டினான் என்பது. அனைத்தையும் உடையான் ஒருவன் அவைக்கண் வந்து, சான்று காட்டி, எழுத்தொப்பு நோக்கப்பெற்று, தீர்ப்புக்குக் காத்து நின்றான். அருள் உயிரின் அறிவை அழித்து ஆட்கொள்வதன்று. அறிவுக்கு அறிவித்து ஆட்கொள்வது. இவ்வூரிலே பின்னர் ஒரு தருக்க நூல் பிறத்தற்கு ஏற்ற நிலம் அன்றே பண்படுத்தப்பட்டது எனலாம்.

சித்தாந்திகள் ஒரு பொருளை நிச்சயித்தற்குக் குருமொழி, நூல், சுவாநுபவம் என்னும் மூன்றனையும் ஒப்ப நோக்குவர். அவையோர் வேண்டிய மூன்று சான்றுகளோடு இவற்றைப் பொருத்திக் காண்க. ஆவணம் நூலாகும், ஆட்சி அநுபவமாகும், கண்டறிந்தார் காட்சி குருமொழியாகும். மூன்றும் ஒன்றற்கொன்று முரணாதவழியே உண்மை துணியப்படும்.

பெண்ணாகடத்துப் பிள்ளை

சுந்தரர்க்குப் பல நூற்றாண்டுகள் கழிந்தபின் இரண்டாவது நிகழ்ச்சி உண்டாயிற்று. மெய்கண்டதேவர் பிறந்த ஊர் திருவெண்ணெய்நல்லூர் அன்று, திருப்பெண்ணாகடம். தந்தையார் அச்சுத களப்பாளர். மகப்பேறின்றி வருந்திய அவர், தம் குலகுருவாகிய சகலாகம பண்டிதரை அடைந்தார். பண்டிதர் திருமுறையிற் கயிறு சாத்திப் பார்த்தார். திருவெண்காட்டு முக்குள நீராடுவார் பெறும் பயனைக் கூறும் திருஞானசம்பந்தர் திருப்பாட்டு வந்தது. களப்பாளர் மனைவியாரோடு திருவெண்காடு சென்று நீராடி வழிபட்டு ஆண்மகவு பெற்று, அத்தலத்து இறைவன் பெயரால் சுவேதவனப்பெருமாள் என்று பெயரிட்டார்.

அக்குழந்தை திருவெண்ணெய்நல்லூரில் மாமனார் மனையில் வளர்ந்தது. ஆண்டு இரண்டு நிரம்பிய பருவத்தில், திருக்கயிலையினின்றும் அகத்திய முனிவரைக் காணப் பொதியம் நோக்கிச் செல்லும் பரஞ்சோதி முனிவர் அக்குழந்தையின் பக்குவத்தைக் கண்டு இறங்கி, சிவஞானத்தை உபதேசித்து, மெய்கண்டார் என்று தீக்கைப் பெயர் நல்கினார் என்பது சந்தான வரலாறு. நந்திதேவர், சனற்குமாரர், சத்தியஞான தரிசினிகள், பரஞ்சோதியார் என வழங்கும் அகச்சந்தானம் இவ்வூரிலே நிலவுலகைத் தீண்டிற்று. மெய்கண்டார் முதலாகப் புறச்சந்தானம் தொடங்கிற்று. ஊருக்கு அமைந்த சிறப்பு இதுவே. மெய்கண்டார் உடலால் பெண்ணாகடத்திற் பிறந்தார். ஞானத்தால் திருவெண்ணெய்நல்லூரிற் பிறந்தார்.

உபதேசம் பெற்ற மெய்கண்டார் அருட்டுறைத் திருக்கோயிலிலுள்ள பொல்லாப் பிள்ளையார் திருமுன் இருந்து அப்பொருளைச் சிந்தித்து நூல் செய்தார் என்பர். பொல்லா என்பதனைப் பொள்ளா என்பதன் மரூஉவாகக் கொண்டு, உளியாற் பொளியப்படாத, அதாவது தாமே தோன்றிய பிள்ளையார் என்று பொருள் கூறுவர். நூலின் மங்கல வாழ்த்திலும் இச்சொல் பயின்று வந்துளது. தந்தையாகிய இறைவன் பித்தன் என்று இகழப்பெற்று அவ்விகழ்ச்சியையே பதிகத்தின் முதற்சொல்லாகக் கேட்டு மகிழ்ந்தான். மைந்தராகிய பிள்ளையார் வைதல்போலத் தோன்றும் ஒரு சொல்லால் வாழ்த்தப்பெறுகின்றார். அறியாதார் வாயில் வசையாய் நிற்பது அறிந்தார் வாயில் வாழ்த்தாதல் இவ்வூரின் வழக்குப் போலும்.

மெய்கண்டார் காலம் 13 ஆம் நூற்றாண்டின் முற்பகுதி என்பது ஆராய்ச்சியாளர் துணிபு. மூன்றாம் இராசராசன் காலத்துத் திருவண்ணாமலைக் கல்வெட்டொன்று 1232 ஆம் ஆண்டினது. அதன்கண் திருவெண்ணெய்நல்லூர் மெய்கண்டதேவர் எனக் குறிக்கப்பெறுபவர் இவரே என்று கொள்வர் பலர். இவர்தம் சந்தானத்தில் நான்காமவராகிய உமாபதி சிவாசாரியார் தம் சங்கற்ப நிராகரணத்தில் சகம் 1235 எனக் குறித்தனர். அது 1313 ஆம் ஆண்டாம். இடையில் இரு தலைமுறையாசிரியர்கள் இருந்தமையின் இக்கணக்கு இயைபுடையதாகவே உளது. சேக்கிழார் பெரியபுராணம் செய்தது 12 ஆம் நூற்றாண்டிலாதலின், ஆவண வழக்கின் வரலாறு தமிழகமெங்கும் புதுமணம் கமழ ஓதப்பெற்ற காலத்தில், அவ்வழக்கு நிகழ்ந்த ஊரிலேயே மெய்கண்டார் வளர்ந்தார் என்பது நினைக்கத்தக்கது.

பன்னிரண்டு சூத்திரம்

சிவஞானபோதம் உருவிற் சிறியது. நாற்பது அடிகளால் ஆகிய பன்னிரண்டு சூத்திரங்களும், அவற்றின் பொருளைக் கூறுபடுத்து நிறுவும் முப்பத்தொன்பது அதிகரணங்களும், எண்பத்தொரு உதாரண வெண்பாக்களும் அதன் உறுப்புக்கள். முதல் ஆறு சூத்திரங்கள் பொதுவதிகாரம். பின் ஆறு உண்மையதிகாரம். மும்மூன்று சூத்திரங்களாகப் பிரமாணவியல், இலக்கணவியல், சாதனவியல், பயனியல் என நான்கு இயல்களாம். முப்பொருள் உண்மை முதற்கண் நாட்டப்படுகின்றது. அவற்றின் இயல்பு அடுத்து. அடையும் வழி அதன்பின். அடையும் பயன் இறுதியில். ஒன்றன்பின் ஒன்றாய் ஏறும் படிகளைப் போல இம்முறை அமைந்தது.

இந்நூல் இரௌரவாகமத்துப் பாசவிமோசனப் படலத்தின் பன்னிரண்டு வடமொழிச் சூத்திரங்களின் மொழிபெயர்ப்பு என்பது திருவாவடுதுறைச் சிவஞான முனிவர் முதலிய உரையாசிரியர் கொள்கை. தமிழே முதனூல் என்று 20 ஆம் நூற்றாண்டில் நாட்டினார் பலர். இருசாராரும் தத்தம் பக்கத்திற்குச் சான்று காட்டுவர். ஆயினும் இவ்விவாதத்தில் மறக்கப்படும் செய்தி ஒன்றுண்டு. சூத்திரம் எம்மொழியில் முற்பட்டதாயினும், அதிகரணங்களாகப் பகுத்து மேற்கோளும் ஏதுவும் காட்டி, வெண்பாக்களால் எடுத்துக்காட்டுத் தந்து பொருளை நிறுவிய செயல் மெய்கண்டார்க்கே உரியது என்பதில் இருசாராரும் ஒருப்படுவர். மூலவோலை எவர் எழுதியது என்று அவையோர் ஆராய்ந்தது போல இதனை ஆராய்தல் தகும். ஆனால் அதனை அவைக்கண் வாசித்து வழக்கை வென்றவர் யார் என்பதில் வழக்கில்லை.

இனி, அவ்வோலைக்கும் இந்நூலுக்கும் உள்ள இயைபை நோக்குவாம். நூலின் அவையடக்கமே அதற்கு வாயில். தம்மை உணர்ந்து, அவ்வழித் தம்மை உடையானையும் உணர்வார், எம்மையும் தம் உடைமையாகக் கொண்டவராதலின் எம்மை இகழார். தம்மையே உணராதார் கூறுவதனை ஒரு பொருளாகக் கொள்ளேம் என்பது அதன் கருத்து. அவையடக்கம் கூறும் புலவர் பலரும் தம் சிறுமையையும் கற்றோர் பெருமையையும் எடுத்தோதுதல் மரபு. மெய்கண்டார் அவ்வாறு கூறாது, உடையான், உடைமை என்னும் இருசொற்களால் அவையைப் பிரித்தார். தன்னை ஒருவன் உடைமையென உணர்ந்தவனே இந்நூலைக் கேட்கும் அவையத்தான். ஆவண வழக்கில் அவையோர் எதனைத் தீர்த்தனரோ, அதனையே இந்நூலாசிரியர் தம் அவைக்கு இலக்கணமாக வைத்தனர்.

அத்துவிதம் என்னும் சொல்லுக்குச் சித்தாந்தங் கூறும் பொருளும் இதனாலே இனிது விளங்கும். இறைவனும் உயிரும் பொன்னும் அணியும் போல ஒரே பொருள் என்பது ஒரு கொள்கை. இருளும் ஒளியும் போல வேறு என்பது ஒரு கொள்கை. சொல்லும் பொருளும் போல ஒருவாற்றான் ஒன்றும் ஒருவாற்றான் வேறும் என்பது மற்றொன்று. இம்மூன்றனையும் விலக்கி, பொருளால் வேறாயினும் பிரிப்பின்றிக் கலந்து நிற்றலே அத்துவிதம் என்பது இச்சந்தானத்தின் துணிபு. உடலும் உயிரும் போலக் கலப்பால் ஒன்றாதலும், கண்ணும் ஞாயிறும் போலப் பொருட்டன்மையால் வேறாதலும், கண்ணொளியும் உயிரறிவும் போல உடனாதலும் ஒருங்கு கொள்ளப்படும்.

உடையானும் உடைமையும் என்னும் முறையிலும் இது காண்க. உடைமை உடையான் ஆவதில்லை, ஆதலின் ஒன்றன்று. உடையானை விட்டு உடைமை என்பதொன்று இல்லை. ஆதலின் தனித்து வேறுமன்று. நம்பியாரூரர் இறைவனோடு தோழமை பூண்டு வாழ்ந்தார். ஆயினும் ஆளென்னும் முறை ஒருகாலும் நீங்கிற்றிலது. ஒன்றாதலும் வேறாதலும் ஒருவர் வாழ்க்கையிலே முரணாது நிற்கும் என்பதற்கு இதனின் மிக்க எடுத்துக்காட்டு வேண்டா.

அடிமை என்னும் சொல்லைக் கேட்டு அஞ்சுவார் உளர். அவர் எட்டாஞ் சூத்திரத்தை நோக்குக. ஐம்புலன்களாகிய வேடர்பால் வளர்ந்து தன்னை மறந்திருந்த உயிர்க்கு, முதல்வன் குருவாய் எழுந்தருளி அவ்வயர்வை உணர்த்த, அது வேடரை விட்டுத் தலைவன் திருவடியை அடைகின்றது என்பது ஆண்டுக் கூறும் பொருள். அரசன் மகன் வேடர் சேரியில் வளர்ந்து தன் குலம் அறியாதிருந்தமை போல என்று ஆசிரியன்மார் விரிப்பர். அவன் வேடர்க்கு ஏவல் செய்திருந்த காலத்துத் தன்னை உரிமையுடையானாகவே கருதினான். உண்மை உணர்ந்தபின்னரே அதற்கு முன்னிருந்ததே அடிமை என்று அறிந்தான். இறைவனுக்கு ஆளாதல் ஐம்புலன்களுக்கும் இருவினைக்கும் ஆளாதலினின்றும் நீங்குதலாம். மணப்பந்தரில் தடுக்கப்பட்ட நம்பியாரூரர் இழந்தது யாது, பெற்றது யாது என்று எண்ணுவார்க்கு இது விளங்கும்.

பண்டிதர் கேட்ட வினா

மூன்றாவதாகக் கூறத்தக்க நிகழ்ச்சி, கற்றார்க்கு மிகவும் வேண்டப்படுவது. மெய்கண்டார் இளம்பருவத்தில் மாணவர்க்கு நூற்பொருள் உணர்த்தும் செய்தி எங்கும் பரவிற்று. திருத்துறையூரிலிருந்த சகலாகம பண்டிதர் அதனைக் கேட்டார். திருமுறையிற் கயிறு சாத்தி அக்குழந்தையின் பிறப்புக்கே வழி காட்டியவர் அவர், குலத்துக்குக் குரு, ஆகமம் அனைத்தும் வல்லவர். பிள்ளை தம்மை வந்து காணாமையும், தம் மாணாக்கர் சிலர் அவர்பால் சென்று திரும்பாமையும் அவரை உறுத்தின. தாமே திருவெண்ணெய்நல்லூருக்குச் சென்றார்.

அவர் சென்ற பொழுது மெய்கண்டார் ஆணவமலத்தின் இயல்பை விளக்கிக்கொண்டிருந்தார். பண்டிதர் நின்றவாறே, ஆணவத்தின் சொரூபம் யாது என வினவினார். மெய்கண்டார் ஒன்றும் கூறாது அவரை மேலுங் கீழுமாக நோக்கினார். வினவிநின்ற அந்நிலையே வினாவிற்கு விடை என்பது அந்நோக்கின் குறிப்பு. பண்டிதர் அதனை அக்கணமே உணர்ந்து அடியற்ற மரம்போல் வீழ்ந்து வணங்கினார். அருணந்தி என்னும் தீக்கைப் பெயர் பெற்று முதல் மாணாக்கராயினார்.

இந்நிகழ்ச்சியும் ஓர் ஆவண வழக்கே என்பது கூர்ந்து நோக்குவார்க்குப் புலனாகும். ஆகமங்கள் அனைத்தும் பண்டிதர் கையில் இருந்தன. ஆணவத்தின் இலக்கணம் அவர்க்கு மனப்பாடம். ஆயினும் அந்நூல்கள் எவரைக் குறித்து எழுதப்பட்டனவோ அவர் தாமே என்பதனை அவர் அறிந்திலர். ஓலை கையிலிருந்தும் அதன்கண் தம் பெயர் எழுதியிருத்தலைக் காணாதவர் போன்றிருந்தார். மெய்கண்டார் நோக்கம் அப்பெயரைச் சுட்டிக் காட்டிற்று. நம்பியாரூரர் ஓலையைக் கிழித்தார். பண்டிதர் ஓலையைப் போற்றினார். கிழித்தவரும் போற்றியவரும் ஒருபடியாகவே தம்மை அதனுட் காணாது நின்றனர். மறுப்பினும் மறைக்கும், கற்பினும் மறைக்கும் இயல்பினது ஆணவம் என்பது இதனால் அறியப்படும்.

ஆணவம் இருளினும் கொடியது என்று ஆசிரியர் கூறுதற்குக் காரணமும் இஃதே. இருள் பொருளை மறைக்கும். ஆயினும் தான் இருளென்று தன்னைக் காட்டும். ஆணவமோ பொருளையும் மறைத்துத் தன்னையும் மறைக்கும். ஆதலின் ஆணவமுடையான் தனக்கு ஆணவமில்லை என்றே எண்ணுவான். அதனைத் தன்னறிவால் தான் காணுதல் இயலாது. காட்டுவார் ஒருவர் வேண்டும். குரு இன்றியமையாமை இதனாற் பெறப்பட்டது.

அருணந்தி சிவாசாரியார் தம் கல்வியைத் துறந்திலர் என்பதும் கருதத்தக்கது. ஆசாரியர் ஆணையால் சிவஞானசித்தியார் இயற்றி, பரபக்கத்தில் உலகாயதம் முதலாகப் பதினான்கு புறமதங்களை ஆராய்ந்து மறுத்து, சுபக்கத்தில் சிவஞானபோதப் பொருளை விரித்தார். வெண்பாவும் ஆசிரியப்பாவும் மாறி வரும் இருபது பாட்டால் இருபாவிருபஃது செய்து, அதில் தம் ஆசாரியரையே முன்னிலைப்படுத்தி மலத்தின் இயல்பு குறித்து வினவினார். அன்று நின்று கேட்ட வினாவையே பின்னர் வணங்கிக் கேட்டார். வினா ஒன்றே, கேட்டார் நிலை வேறாயிற்று. கல்வி ஆணவத்தின் கருவியாதலினின்றும் நீங்கி அருளின் கருவியாயிற்று.

சந்தானம் பெருகியது

இங்ஙனம் ஒரு சிற்றூரிற் பிறந்த ஆறு நெடிது ஓடிற்று. அருணந்தியாரிடமிருந்து மறைஞானசம்பந்தர்க்கும், அவரிடமிருந்து தில்லைவாழ் அந்தணராகிய உமாபதி சிவாசாரியார்க்கும் இஞ்ஞானம் சென்றது. மெய்கண்டாரின் மற்றொரு மாணாக்கராகிய திருவதிகை மனவாசகங் கடந்தார், வினாவும் விடையுமாக உண்மைவிளக்கம் செய்தார். உமாபதியார் எட்டு நூல்கள் அருளினார். சிவஞானபோதத்திற்கு முற்பட்ட திருவுந்தியார், திருக்களிற்றுப்படியார் என்னும் இரண்டும் இவற்றோடு சேர, மெய்கண்ட சாத்திரம் பதினான்காயின. திருவாவடுதுறை, தருமபுரம் முதலிய ஆதீனங்கள் இன்றும் தம்மைத் திருக்கயிலாய பரம்பரை மெய்கண்ட சந்தானத்தின என்றே கூறிக்கொள்வன. திருவாவடுதுறை ஆதீனத்துச் சிவஞான முனிவர் இந்நூலுக்குச் சிற்றுரையும், திராவிட மாபாடியம் எனப் போற்றப்பெறும் பேருரையும் இயற்றி 1785 இல் சிவபரிபூரணம் அடைந்தார்.

கடல் கடந்தும் இந்நூல் சென்றது. இலங்கையிலிருந்த அமெரிக்கப் பாதிரியார் ஹொய்சிங்டன் என்பார் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 1854 இல் வெளிவந்தது. ஜே. எம். நல்லசாமிப் பிள்ளையவர்கள் 1895 இல் விளக்கவுரையோடு ஆங்கிலத்தில் வெளியிட்டார்கள். ஷோமெரஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1912 இல் சைவ சித்தாந்தத்தைப் பற்றித் தம் மொழியிற் பெருநூல் எழுதினார். கார்டன் மாத்யூஸ் என்பார் மொழிபெயர்ப்பு 1948 இல் வெளிவந்தது. நாற்பது அடி நூல் ஒன்று ஏழு நூற்றாண்டில் அடைந்த தூரம் இது.

ஆயினும் தூரம் சென்றமை கொண்டே நெறி தழைத்தது என்று கூறல் ஆகாது. சகலாகம பண்டிதர் வரலாறு அதனைத் தடுக்கின்றது. சாத்திரம் பதினான்கும் அச்சில் எளிதிற் கிடைக்கும் காலத்தில், அதிகரணமும் ஏதுவும் வெண்பாவும் ஓதி ஒப்பித்தல் அரிதன்று. படியோலைகள் பல்கியிருக்கின்றன. ஒவ்வொரு படியிலும் கற்பான் பெயரே எழுதப்பட்டுளது. அதனைத் தன் பெயரென வாசிப்பவன் எத்துணையனோ அத்துணையனே சந்தானத்தான். ஏனையோர் பண்டிதர் நின்ற அவ்வாயிலில் இன்னும் நிற்பவரே ஆவர்.

நூலின் இறுதிச் சூத்திரம் சீவன்முத்தர்க்கும் ஒழியாத ஒழுக்கத்தைக் கூறுகின்றது. மலத்தைக் களைந்து, அன்பரோடு கூடி, அன்பு நிறைந்தார் திருவேடத்தையும் சிவாலயத்தையும் அரனெனவே தொழுக என்பது அது. ஞானம் முதிர்ந்தார்க்கு வேடமும் ஆலயமும் எற்றுக்கு என்று வினவுவார்க்கு இவ்வூரே விடை கூறும். முதிய அந்தணர் வேடத்தில் வந்தவனை நம்பியாரூரர் அறிந்திலர். அவன் ஆலயத்துட் புகுந்தபின்னரே அறிந்தார். வேடத்திற் காணாததனை ஆலயத்திற் கண்டார். இரண்டிடத்தும் அரனையே காண்க என்று ஆசிரியர் இறுதியில் விதித்தது, தம் ஊரின் பழைய வழக்கினை உட்கொண்டே போலும்.

ஆடிச் சுவாதி சுந்தரர் திருநாள். ஐப்பசிச் சுவாதி மெய்கண்டார் திருநாள். ஒரே விண்மீன் இருவர்க்கும் அமைந்தது. திருவெண்ணெய்நல்லூருக்குச் செல்லும் அன்பர், திருக்கோயிலில் வழக்குத் தீர்த்த மண்டபத்தைக் கண்டு, பொல்லாப் பிள்ளையாரை வணங்கி, ஊரிலுள்ள மெய்கண்டார் திருக்கோயிலையும் வழிபடுவாராக. வழக்கு ஆண்டுத் தீர்ந்தது நம்பியாரூரர்க்கு; சகலாகம பண்டிதர்க்கும் தீர்ந்தது. ஏனையோர்க்கு ஓலை இன்னும் அவைக்கண் விரிந்தே இருக்கின்றது. அதனைக் கிழியாதும், வெறுமனே போற்றாதும், தன் பெயர் கண்டு இசைவதே உயிர் செய்யத்தக்கது.

திருச்சிற்றம்பலம்.